ஊரைக் கூட்டுவதும் நியாயம் கேட்பதும்

கேள்வி இதுதான், சுருக்கித் தருகிறேன்: "சின்ன வயதில் அப்பா என்னை மட்டும் கண்மண் தெரியாமல் அடிப்பார். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. குடும்பம் ஒன்றுகூடும்போதெல்லாம் எப்படியோ அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறேன். 'எல்லாரும் உன்னையே பார்த்துக்கிட்டு இருக்கணும் உனக்கு' என்கிறாள் அக்கா. இத்தனைக்கும் அவளும் அந்த அறையில்தான் இருந்தாள். நான் கவனத்துக்காக அலைகிறேனா? அல்லது எனக்கு நடந்தது அநியாயம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வது வேறு விஷயமா? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?"

வேறு விஷயம்தான். ஆனால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சில நேரம் உள்ளே இருப்பவருக்கே குழம்பிப்போகும். இருபது வருடங்களுக்கு மேல் ஆலோசகராக மனிதர்களின் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "நான் சீன் போடுகிறேனோ?" என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீன் போடுகிறவர்கள் இல்லை. யாரோ பல வருடம் சொல்லிச் சொல்லி அந்தச் சந்தேகத்தை அவர்களுக்குள் நட்டுவைத்திருப்பார்கள்.

நம் பேச்சுவழக்கிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. ஒருத்தியைப் பார்த்து "ஊரைக் கூட்டுகிறாள்" என்கிறோம். இன்னொருத்தியைப் பார்த்து "நியாயம் கேட்கிறாள்" என்கிறோம். ஊரைக் கூட்டுவதற்குக் கூட்டம் வேண்டும், யார் வந்தாலும் சரி. நியாயம் கேட்கிறவளுக்கு அப்படி இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார், கேட்கவேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தாலும் அந்த ஆள் வாய் திறக்காவிட்டால் அவள் வந்த காரியம் நடக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், இரண்டு பேரும் வாசலில் நின்று சத்தம் போடும்போது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

இது எனக்கு உறைத்தது படிப்பினால் இல்லை. ஏழாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தை எங்கள் வகுப்பாசிரியர் ஒரு காகித உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு உறையைக் காணவில்லை. காய்ச்சல் என்று அன்றைக்கு நான் மட்டும் வெளியே போகாமல் பெஞ்சில் தலைசாய்த்துக் கிடந்தேன். அது போதுமானதாக இருந்தது. என் பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினார். ஜாமெட்ரி பாக்ஸ் திறந்துகொண்டு காம்பஸ் தரையில் உருண்டு போனது. முதல் வரிசையில் இருந்த ஒருவன் அதைக் காலால் தள்ளிவிட்டான். பணம் கிடைக்கவில்லை. "எங்கே மறைச்சு வெச்சே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையில் அடித்தார். எத்தனை அடி என்று எண்ணவில்லை. காம்பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து உறை கிடைத்தது. வருகைப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டையின் மடிப்புக்குள் சொருகியிருந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகும் பையன் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னான். ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் என்னை வகுப்புத் தலைவன் ஆக்கினார். பாடம் வாசிக்க என்னைத்தான் எழுப்பினார். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் என் முதுகில் தட்டி "கெட்டிக்காரப் பையன்" என்றார். அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த கவனம் அந்த வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் நான் பக்கத்தில் போனால் சில பையன்கள் பென்சில் பாக்ஸை நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். அது வருடக் கடைசி வரைக்கும் நிற்கவில்லை. ஏனென்றால் அவர்கள் மனதில் இருந்த கணக்கை யாரும் திருத்தவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே வாக்கியம், எந்த நாற்பது பேர் முன்னால் அடித்தாரோ அதே நாற்பது பேர் முன்னால்: "அன்னைக்குப் பணத்தை இவன் எடுக்கலை, நான்தான் தப்பா அடிச்சுட்டேன்." அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவர் மற்ற எல்லாவற்றையும் கொடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கவனத்துக்கும் அங்கீகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கவனம் என்பது ஆளைப் பற்றியது: என்னைப் பார், நான் இங்கே இருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் கேட்கும் அங்கீகாரம் நடந்ததைப் பற்றியது: இது நடந்தது, இது நடந்திருக்கக் கூடாது, இதற்கு நான் காரணம் இல்லை. முதலாவது கிடைத்தால் மனம் குளிரும். இரண்டாவது கிடைத்தால் தப்பாக எழுதப்பட்ட ஒரு கணக்கு திருத்தப்படும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுக்க முடியாது. குடும்பங்களில் இந்தப் பண்டமாற்று ஓயாமல் நடக்கிறது. அடிபட்ட பிள்ளைக்குத்தான் பிற்பாடு அதிகச் செல்லம். துரோகம் செய்த கணவன் பரிசாக வாங்கிக் குவிப்பான். "இவ்வளவு செய்தும் இவளுக்கு இன்னும் ஆறவில்லையே" என்று அப்புறம் வருத்தமும் படுவான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். கவனத்தை விரும்புவது கேவலமான விஷயம் இல்லை. "கவனம் தேடுகிறாள்" என்ற வார்த்தையே வசவாக மாறிவிட்டது, அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் கைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அம்மா குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுவார். பிறகு சில நிமிடங்களுக்கு முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு குழந்தையை வெறுமனே பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகும். அத்தனைக்கும் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், எங்கேயும் போயிருக்க மாட்டார். கண்ணுக்குக் கண் பதில் கிடைப்பது மனிதருக்குப் பிறந்த நாளிலிருந்தே தேவை. வளர்ந்த பிறகு அதைக் கேட்க வெட்கப்படுகிறோம், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்குள் கவனத்துக்கான ஆசை கொஞ்சம் இருந்தாலும் அதற்காகக் கூனிக்குறுக வேண்டாம். அந்த ஆசை இருப்பதால் உங்கள் நியாயம் பொய்யாகிவிடாது.

ஜெர்மானியத் தத்துவவாதி ஆக்ஸல் ஹொன்னெத் 1992-இல் அங்கீகாரத்தை மூன்றாகப் பிரித்தார்: நெருங்கியவர்களிடம் கிடைக்கும் அன்பு, சட்டத்தின் முன் சமமான மனிதராக நடத்தப்படும் உரிமை, திறமைக்கும் உழைப்புக்கும் சமூகம் தரும் மதிப்பு. ஒவ்வொன்றும் மறுக்கப்படும்போது ஏற்படும் காயம் ஒவ்வொரு விதம் என்பார். எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பயன்பட்டிருக்கிறது. கவனத்துக்கான ஏக்கம் பெரும்பாலும் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் பக்கத்தில் இருக்கும்: என்னை நேசி, என்னைப் பாராட்டு. பாதிக்கப்பட்டவரின் குரல் இரண்டாம் வகையிலிருந்து வருகிறது: எனக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டியது தவறு. என் ஆசிரியர் முதுகில் தட்டியபோது முதலாவதையும் மூன்றாவதையும் தாராளமாகவே கொடுத்தார். இரண்டாவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சட்ட மொழியும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குற்றத்தாலும் அதிகார துஷ்பிரயோகத்தாலும் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றி 1985 நவம்பர் 29-இல் ஐ.நா. பொதுச்சபை ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. தவறு செய்தவர் அடையாளம் காணப்பட்டாரா, பிடிபட்டாரா, தண்டிக்கப்பட்டாரா என்பதைப் பொறுத்தில்லாமலே ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதலாம் என்கிறது அது. இருவருக்கும் இடையே குடும்ப உறவு இருந்தாலும் அதேதான். "அப்பாதானே, வளர்த்தவர்தானே" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஐ.நா. ஆவணத்தைக் கொண்டுபோய் வீட்டுச் சண்டையில் காட்டச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் என்பது ஒரு நிகழ்வைக் குறிக்கும் சொல், குணத்தைக் குறிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் நியாயம் கேட்கிறவரைப் பார்த்து ஏன் இவ்வளவு பேர் "கவனத்துக்காகத்தான்" என்கிறார்கள்? இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்கா இங்கேதான் இருக்கிறார்.

சிலர் தெரிந்தே சொல்கிறார்கள். தவறு செய்தவர் முதலில் மறுப்பார், அப்புறம் கேட்டவரையே தாக்குவார், கடைசியில் தானே பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவார். ஜெனிஃபர் ஃப்ரெய்டு என்ற அமெரிக்க உளவியலாளர் 1997-இல் இந்த வரிசையை எழுதிக் காட்டினார். "என் மானத்தை வாங்குகிறாள், கவனம் தேடி நாடகம் ஆடுகிறாள்" என்பது அந்த இரண்டாவது படியில் வரும் வசனம். வேறு சிலர் சொல்பவர் யார் என்று பார்த்து எடை போடுகிறார்கள். பெண் சொன்னால், இளையவள் சொன்னால், ஏழை சொன்னால், ஏற்கெனவே "கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவள்" என்று பெயர் எடுத்தவள் சொன்னால், அதே சொல்லுக்கு மதிப்புக் குறைவு. பிரிட்டிஷ் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் இதை ஒரு தனி வகை அநீதி என்றே வாதிட்டார். ஒருவரை அறிவும் சாட்சியும் உள்ளவராக மதிக்காமல் விடுவது, முதலில் நடந்த அநீதியின் மேல் வைக்கப்படும் இன்னொரு அநீதி.

மூன்றாவது காரணம்தான் எனக்கு எப்போதும் மனதைப் பிசைகிறது. 1966-இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதுபோல ஒரு காட்சியைக் கல்லூரி மாணவிகள் பார்த்தார்கள். அது நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. அதை நிறுத்தி அவளை நல்ல நிலைக்கு மாற்றலாம் என்று வாய்ப்புக் கொடுக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லாருமே மாற்றச் சொன்னார்கள். அந்த வாய்ப்பு இல்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்களோ, அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். தடுக்க முடியாத வலியைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டம். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற, "இவளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது" என்ற முடிவுக்கு மனம் போய்விடுகிறது.

இப்போது அந்த அறையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டது நீங்கள். பார்த்துக்கொண்டு நின்றது அக்கா. அவருக்கு அப்போது என்ன வயது? பத்தா, பன்னிரண்டா? தடுக்கவும் முடியாது, வெளியே ஓடவும் முடியாது. "அடுத்தது நானோ" என்ற பயம், "நல்லவேளை நான் இல்லை" என்ற நிம்மதி, அந்த நிம்மதிக்காக ஒரு குற்ற உணர்வு. நீங்கள் பேச்சை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அந்த அறைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. "உனக்குக் கவனம் வேண்டும்" என்று சொல்லிவிட்டால் போகவேண்டிய அவசியமில்லை. அவர் செய்வது சரி என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்லும் காரணம் உங்களைப் பற்றியதாக இல்லாமல் அவரைப் பற்றியதாக இருக்கலாம் என்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது உங்களைப் பற்றியது. ஒப்புக்கொள்ளப்படாத நியாயம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தமாக வரும், கொஞ்சம் பொருத்தமில்லாத இடத்தில் வரும். முதல் தடவை தனியாக, மெதுவாகச் சொல்லியிருப்பீர்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாவது தடவை பிறந்தநாள் விழாவில் எல்லார் நடுவிலும் வெடிக்கிறது. அந்தப் பத்தாவது தடவையை மட்டும் பார்த்தவர் "பார், எல்லாரையும் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறாள்" என்பார். முதல் ஒன்பது தடவை அவர் கணக்கில் வராது. கேட்க மறுத்தவர்களேதான் கத்த வைத்தார்கள், அப்புறம் கத்துவதைக் காட்டிக் கேட்க மறுக்கிறார்கள்.

இது வீட்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் தபால் நிலையக் கிளைகளை நடத்தியவர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 வாக்கில் 'ஹொரைசன்' என்ற கணினி மென்பொருள் வந்தது. அது காட்டிய கணக்கில் பணம் குறைந்தது. திருடினார்கள், பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலருக்கு "இந்தப் பிரச்சினை உங்கள் ஒருவருக்குத்தான்" என்று பதில் சொல்லப்பட்டது. அவர்கள் புகழ் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி முகம் பார்த்துப் பேச வேண்டும், "நான் திருடவில்லை" என்பது ஏட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். 2019-இல் உயர் நீதிமன்றம் மென்பொருளில் கோளாறு இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் ரத்து செய்தது.

ஆனால் மீதமிருந்தவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு. 2024 ஜனவரியில் இதைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது, நாடே பேசியது. அதே வருடம் மே மாதம், தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது. இத்தனை வருடம் தீர்ப்பும் மனுவும் இருந்தும் நடக்காதது, பார்வையாளர்கள் கண் திரும்பியதும் சில மாதங்களில் நடந்தது. கவனமும் அங்கீகாரமும் வேறு வேறு என்று சொல்லிவிட்டு இதை மறைக்கக் கூடாது: பல நேரம் அங்கீகாரத்துக்குப் போகும் வழி கவனத்தின் ஊடாகத்தான் போகிறது. அதிகாரம் இல்லாதவர் கேட்கும் நியாயத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தால்தான் பதில் வரும். அப்படித் திரும்பிப் பார்க்கச் சொல்வதை "கவனத்துக்கு அலைகிறார்கள்" என்பது, தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து "இவனுக்குக் கதவு தட்டுவதில் ஆசை" என்று சொல்வதைப் போன்றது.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டீர்கள். நான் மற்றவர்களை அளக்க இதைப் பயன்படுத்துவதில்லை. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள விரும்புகிறவரிடம் கேட்கும் கேள்விகள் இவை.

என்ன நடந்தால் நீங்கள் நிறுத்துவீர்கள்? இதுதான் முதலாவது, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். அங்கீகாரம் தேடுகிறவரிடம் இதற்குத் துல்லியமான பதில் இருக்கும். "அக்கா ஒரு தடவை, 'ஆமா, நடந்தது, உன் மேல தப்பில்லை' என்று சொன்னால் போதும்" என்பார். ஆள், வாக்கியம் இரண்டும் சொல்லிவிடுவார். கவனத்தின் பசியில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி புரியவே புரியாது. நேற்று வயிறாரக் கிடைத்தது இன்றைக்குக் காலியாகிவிடும்.

யாரும் பார்க்காத இடத்தில் அந்த வாக்கியம் கிடைத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டே பேர், வெளியே யாருக்கும் தெரியாது. ஏற்றுக்கொள்வேன் என்றால் உங்களுக்கு வேண்டியது சபை இல்லை. ஒரு விதிவிலக்கு: அவமானம் நாலு பேர் முன்னால் நடந்திருந்தால் திருத்தமும் அங்கேயே நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். பென்சில் பாக்ஸை நகர்த்திய பையன்கள் கேட்காத மன்னிப்பு எனக்குப் பாதிதான் உதவியிருக்கும்.

அப்புறம், உங்களைப் போலவே இன்னொருவர் வந்து "எனக்கும் நடந்தது" என்று சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது? தோளிலிருந்து சுமை இறங்குகிறதா, இல்லை இடம் பறிபோன மாதிரி இருக்கிறதா? அந்தத் தபால் நிலையக்காரர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்த நாளில்தான் மூச்சுவிட்டார்கள், ஏனென்றால் இரண்டாவது ஆள் வந்தால் நியாயம் கூடும். கவனம் அப்படியல்ல, பங்கு போட்டால் குறையும். விவரம் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மரியாதையாக, நம்பும் தொனியில் ஒருவர் "எந்த வருடம், வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டால் அங்கீகாரம் தேடுகிறவர் பெரும்பாலும் பதில் சொல்லவே விரும்புவார். ஒருவழியாக யாரோ நடந்ததைப் பற்றிக் கேட்கிறார்களே! (ஆனால் குறுக்கு விசாரணையாகக் கேட்டால் உண்மையானவரும் நொறுங்கிப்போவார். அதிர்ச்சி நினைவுகள் வரிசையாக, தேதி போட்டு வருவதில்லை. அதை வைத்து யாரையும் பொய்யர் என்று முடிவுகட்டக் கூடாது.)

இல்லாத பாதிப்பை உண்டாக்கிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இல்லாத நோயைச் சொல்லி மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1951-இலேயே எழுதினார். அவர்களுக்கும் உதவி தேவை, ஆனால் அது வேறு உதவி. அந்தச் சிலரைக் காட்டி மற்ற எல்லாரையும் சந்தேகிப்பதை என்னால் ஏற்க முடியாது.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று: உண்மையான பாதிப்பே நாளடைவில் இறுகிப்போவது. இஸ்ரேலைச் சேர்ந்த ரஹாவ் கபாயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2020-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எந்த உறவிலும் தானே பாதிக்கப்பட்டவர் என்று உணரும் போக்கு சிலரிடம் நிலைத்த குணமாக இருக்கிறது என்றும், அதில் நான்கு இழைகள் பின்னியிருக்கின்றன என்றும் சொன்னார்கள்: தன் வலி அங்கீகரிக்கப்பட வேண்டும் என்ற தேவை, மற்றவர்களைவிடத் தான் ஒழுக்கத்தில் மேல் என்ற எண்ணம், பிறர் வலி கண்ணில் படாமல் போவது, நடந்ததையே அசைபோட்டுக்கொண்டிருப்பது. முதல் இழை மட்டும் இருந்தால் அது சாதாரண மனிதத் தேவை. நான்கும் சேர்ந்தால் வலி ஒரு பதவி மாதிரி ஆகிவிடுகிறது. அங்கீகாரம் வந்தால்கூடப் பதவி போய்விடுமே என்று உள்ளே ஒரு பயம் வரும். மன்னிப்புக் கேட்க வந்தவரிடம் "இது போதாது" என்போம். எது போதும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அசைபோடும் பகுதியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பல வருடம் பதில் கிடைக்காதவர்களுக்கு அது மெதுவாகத்தான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சொல்லையும் இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: அனுதாபம். "ஐயோ பாவம்" என்று சொன்னால் பாதிக்கப்பட்டவர் திருப்தி அடைந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். நூரித் ஷ்நாபெலும் ஆரி நாட்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்குக் கண்ணைத் திறந்தது. அநீதிக்கு ஆளானவர் இழப்பது தன் கையில் இருந்த பிடியை. அதைத் திரும்பக் கொடுக்கும் செய்திதான் அவரைச் சமரசத்துக்குத் தயாராக்குகிறது. தவறு செய்தவர் இழப்பது தன் நல்ல பெயரை, அவருக்கு வேண்டியது மறுபடி மனிதராக ஏற்றுக்கொள்ளப்படுவது. "பாவம்" என்ற சொல் என்னை இன்னும் கீழே வைக்கிறது. "உன் மேல் தப்பில்லை, நீ கேட்பது சரி" என்பது என்னை எழுப்பி நிற்க வைக்கிறது.

கேட்டுக்கொள்வது மட்டும் போதுமா என்றால், எப்போதும் போதாது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் விசாரணைகளைத் தொடங்கியது. 21,000-க்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நடந்ததைப் பதிவு செய்தார்கள், பொது மேடையில் பேசக் கிடைத்தது அவர்களில் சிறு பகுதிக்குத்தான். போலீஸ் சுட்டதில் பார்வையிழந்த ஒருவர், இத்தனை நாள் தன்னை வாட்டியது கதையைச் சொல்ல முடியாமல் போனதுதான் என்றும், இங்கே வந்து சொன்னதில் பார்வை திரும்பியது போல் இருக்கிறது என்றும் சாட்சியம் அளித்தார். அரசே ஏற்பாடு செய்த சபையில், ஏட்டில் ஏறும்படி சொல்வதற்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. ஆனால் இழப்பீடு இழுத்தடிக்கப்பட்டது. 2003-இல் ஒருவருக்கு ஒருமுறை 30,000 ராண்ட் என்று முடிவானது, ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. "எங்கள் கதையைக் கேட்டார்கள், அழுதார்கள், போய்விட்டார்கள்" என்று பலர் கசந்துபோனார்கள். பின்விளைவு எதுவும் இல்லாவிட்டால் அங்கீகாரமும் வெறும் கவனமாகச் சுருங்கிவிடும்.

உங்களிடம் வருகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் அவரிடமிருந்து தொடங்க வேண்டாம். தவறு செய்தவரின் வாயிலிருந்தே வந்தால்தான் அங்கீகாரம் என்று காத்திருப்பது, அடித்தவரின் கையிலேயே மறுபடியும் சாவியைக் கொடுப்பது. என் ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒரு திருமணத்தில், பதிவேடு தூக்கிய அந்தப் பையன், இப்போது நரைத்த தலையோடு, யாரோ பேச்சைத் தொடங்கியதும் தானாகவே சொன்னான்: "அந்த உறை பதிவேட்டு அட்டைக்குள்ள இருந்துச்சு. நான்தான் பார்த்தேன். உன்னைச் சும்மா அடிச்சாரு." அவன் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, பார்த்ததைச் சொன்னான். கை கழுவும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சாட்சிக்கு அந்த வலிமை உண்டு.

உங்களுக்கும் ஒரு சாட்சி இருக்கிறார். கேள்வி கேட்கும்போதே அதை எழுதிவிட்டீர்கள். குடும்பம் கூடியிருக்கும் நேரத்தில் அவரிடம் பேசாதீர்கள். சபையில் அவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் தோன்றும். தனியாகச் சந்தியுங்கள். மொத்தச் சிறுவயதையும் கொட்டாமல் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் இருவருக்கும் நன்றாக நினைவிருக்கும் நாளாக. "அப்பா எப்படிப்பட்டவர்" என்ற தீர்ப்பைக் கேட்காதீர்கள், அதில் சண்டைதான் வரும். நடந்ததைக் கேளுங்கள்: "அன்னைக்கு நீ கதவுப் பக்கம் நின்னியா, ஜன்னல் பக்கமா?" முடிந்தால் முதலில் அவருக்குத் தேவையானதையும் கொடுத்துவிடுங்கள்: "உன்னால தடுத்திருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. நீயும் சின்னப் பொண்ணுதான்."

அவர் மறுத்துவிடலாம், எழுந்து போய்விடலாம். அப்படியானால் அந்த நாளை நீங்களே ஒரு தாளில் எழுதிவையுங்கள், வயது, இடம், யார் இருந்தார்கள் என்று எல்லாவற்றோடும். நம்பிக் கேட்கும் வேறு ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள், நல்ல ஆலோசகர் கிடைத்தால் அவரிடம். ஆனால் என் அனுபவத்தில், இப்படிக் கேட்கப்பட்ட அக்காக்களும் அண்ணன்களும் முதலில் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள். ஜன்னலா கதவா என்று அவர் யோசித்துச் சொல்லட்டும்.